அக்ரிலிக் ஷீட்டைத் தச்சுக் கருவிகளால் அறுப்பதும் ஓரம் முடிப்பதும்

அக்ரிலிக் ஷீட் விற்கும் கடையிலோ, பெயர்ப்பலகை செய்யும் கடையிலோ அளவு சொன்னால் லேசரில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஓரமும் கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்துவிடும். அளவு முன்கூட்டியே உறுதியாகத் தெரியும் என்றால் பேசாமல் அங்கேயே வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மர வேலையில் அளவு அப்படி உறுதியாக நிற்பதில்லை. கொலு பொம்மைகளைத் தூசி படாமல் வைக்க ஒரு பெட்டி செய்கிறீர்கள். சட்டம் அடித்து முடித்துப் பார்த்தால் மேல் பக்கம் 402 மி.மீ., கீழ்ப் பக்கம் 400. அந்தச் சட்டத்துக்குள் உட்காரும் அக்ரிலிக் முன்பலகையை நீங்களேதான் அறுத்து, வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சீவல் எடுத்துப் பொருத்த வேண்டும். அதற்கு உங்களிடம் ஏற்கனவே இருக்கிற ரம்பம், டிரிம்மர் (ஓரம் செதுக்கும் சின்ன மெஷின்), இழைப்புளி, உப்புத்தாள் போதும். கருவி அதேதான்; கை போகிற விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டு வேலைக்கு அதிகம் பயன்படுகிற 3 முதல் 6 மி.மீ. வரையிலான தெளிவான அக்ரிலிக்கை வைத்தே இங்கே சொல்கிறேன்.

மரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு

சூடுதான். அக்ரிலிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இளக ஆரம்பித்துவிடும். அதோடு, சூட்டைக் கடத்துவதில் அது படுமோசம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடத்தும். ரம்பத்தின் பல் உரசுகிற இடத்தில் பிறக்கும் சூடு ஷீட்டுக்குள் பரவிப் போகாமல் அங்கேயே தங்கிவிடும். மரமும் சூட்டைச் சரியாகக் கடத்தாதுதான். ஆனால் மரம் உருகாது, அதிகம் போனால் கருகும். அக்ரிலிக் இளகிப் பிசின்போல ஆகிப் பல்லில் ஒட்டும். இன்னும் மோசம், பிளேடு கடந்து போன வழியிலேயே பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முழுநீளம் அறுத்து முடித்துவிட்டுத் துண்டைத் தூக்கினால் பிரியாது.

அப்படியானால் அந்தச் சூடு எப்படித்தான் வெளியேறும்? அறுபட்டு விழும் சீவலோடுதான் போக வேண்டும். ஒவ்வொரு பல்லும் உரசாமல் கடித்து, ஒரு சின்னச் செதிலை வெட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனால், சூடும் அதோடு போய்விடும். பல் மழுங்கியிருந்தாலோ, பிளேடு மிக வேகமாகச் சுற்றும்போது நாம் பயந்து பயந்து மெல்லத் தள்ளினாலோ, பல் கடிக்காமல் தேய்க்கத்தான் செய்யும். மெதுவாகத் தள்ளினால் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் பலரும் ஓரத்தை உருக்கிவிடுகிறார்கள்.

எனவே பிளேடைப் பார்ப்பதைவிடக் கீழே விழுவதைப் பாருங்கள். வெள்ளையாக, உப்புக்கல் அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தால் எல்லாம் சரி. கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது. மாவுபோல மிக நைசாக வந்தால் பல் தேய்க்கிறது என்று அர்த்தம். தள்ளும் வேகத்தைக் கூட்டுங்கள். நூல் நூலாக, பஞ்சு மிட்டாய்போலச் சுருண்டு பிளேடில் சுற்றினால் ஏற்கனவே உருக ஆரம்பித்துவிட்டது. நிறுத்திப் பல்லைச் சுத்தம் செய்யுங்கள். சில்லுச் சில்லாகத் தெறித்தால் அவசரப்படுகிறீர்கள், அல்லது பல் பெரிதாக இருக்கிறது. ரம்பமோ டிரிம்மரோ, எதை எடுத்தாலும் இந்த ஒரு சோதனை செல்லும்.

இரண்டாவது வேறுபாடு, அக்ரிலிக்குக்கு நார் கிடையாது. எந்தத் திசையில் இழைத்தாலும் ஒன்றுதான், எதிர்நார் என்ற தொல்லையே இல்லை. ஆனால் கண்ணாடியைப் போலவே ஒரு சின்ன வெட்டுத் தழும்பிலிருந்து விரிசல் ஓடும். மரத்தில் ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்தால் அழகுக் குறை, அவ்வளவுதான். இதில் அதே குறை பின்னொரு நாள் விரிசலாகும்.

என்ன ஷீட் வாங்குவது

கடையில் தெளிவாக, ஒரே மாதிரி தெரிகிற இரண்டு ஷீட்டுகள் இருக்கும்: அக்ரிலிக், பாலிகார்பனேட். எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அடர்த்தி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓரத்துத் துணுக்கு ஒன்றைக் குறடால் பிடித்து மடக்கிப் பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். டக்கென்று ஒடிந்தால் அக்ரிலிக். மடங்கி வளைந்து நின்றால் பாலிகார்பனேட். பாலிகார்பனேட் அடிக்கு உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும், ஓரத்தை அக்ரிலிக் அளவுக்குப் பளபளப்பாக்கவும் முடியாது. பார்வைக்கு வைக்கும் பெட்டி, அலமாரிக் கதவு, படச்சட்டம் என்றால் அக்ரிலிக்கையே வாங்குங்கள்.

அக்ரிலிக்கிலும் இரண்டு உண்டு. அச்சில் ஊற்றி வார்த்தது ஒன்று. இயந்திரத்தில் பிதுக்கித் தகடாக இழுத்தது இன்னொன்று. கடையில் காஸ்ட், எக்ஸ்ட்ரூடட் என்று கேட்டால் தெரியும். ரம்பம் வைக்கப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் விலை கூடினாலும் காஸ்ட் ஷீட்டே வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் இளகும், பல்லில் பசைபோல அப்பும், ஒட்டும்போது ஓரத்தில் மயிரிழை விரிசல் விடுவதும் அதில்தான் அதிகம். அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு: தடிமன் சீராக இருக்கும். காஸ்ட் ஷீட்டில் 5 மி.மீ. என்று வாங்கினால் ஒரு மூலையில் கொஞ்சம் குறையும், இன்னொரு மூலையில் கூடும். சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதற்குள் செருகப்போகிறீர்கள் என்றால் ஷீட்டைக் கையில் வைத்து அளந்த பிறகே காடியின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.

முழு ஷீட் 8க்கு 4 அடி. 3 மி.மீ. தடிமனில் அது பத்தரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரே ஆள் தூக்கிவிடலாம், ஆனால் வளைந்து ஆடும். சின்ன வேலைக்குக் கடையில் கிடக்கும் துண்டுகளைக் கேளுங்கள், எடைக்கோ பேசிய விலைக்கோ தருவார்கள்.

இருபக்கமும் ஒட்டியிருக்கும் காகிதத்தையோ பிளாஸ்டிக் உறையையோ வேலை முழுக்க முடியும்வரை உரிக்காதீர்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். உரித்துவிட்டால் மேஜையில் இருக்கும் ஒரே ஒரு மரத்தூள் போதும், நடுவில் கீறல் விழ. மார்க்கிங்கையும் அந்தக் காகிதத்தின் மேலேயே பென்சிலால் போடலாம். உறை ஏற்கனவே கிழிந்திருந்தால், கோடு வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போடுங்கள்.

ஷீட்டை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள். காகிதத்தின் பசை இறுகி உரிக்க வராது, ஷீட்டும் வளைந்துவிடும்.

மெல்லிய ஷீட்டுக்கு ரம்பமே வேண்டாம்

3 மி.மீ. வரை, நேர்க்கோட்டு வெட்டு என்றால் அக்ரிலிக் கட்டர் போதும். கழுகு மூக்குபோல வளைந்த நுனியுள்ள கத்தி அது. ஹார்டுவேர் கடைகளிலும் பெரிய ஸ்டேஷனரி கடைகளிலும் கிடைக்கும். சாதாரண பேப்பர் கட்டர் பள்ளத்தைப் பிதுக்கும், சுரண்டாது. அதில் முயற்சி செய்ய வேண்டாம்.

கோட்டின் மேல் இரும்பு அளவுகோலை வைத்து இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். கத்தியைத் தன்பக்கம் இழுத்து ஒரே சீராக, ஓரத்திலிருந்து ஓரம்வரை கோடு கிழிக்க வேண்டும். முதல் இழுப்பில் அழுத்தம் வேண்டாம். தடம் விழுந்தால் போதும். அதன்பிறகு ஏழெட்டு முறை அழுத்தி இழுத்தால் சுருள் சுருளாக வெளிவந்து தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குப் பள்ளம் விழும். இரண்டு ஓரங்களிலும் பள்ளம் முழு ஆழத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உடையும்போது விரிசல் திசை மாறுவது அங்கேதான். பள்ளம் மேல்நோக்கி இருக்க, கோடு மேஜை விளிம்புக்கு நேராக வரும்படி வைத்து, மேஜைமேல் உள்ள பகுதியை ஒரு பலகையால் அழுத்திக்கொண்டு, வெளியே நீட்டிய பகுதியைச் சட்டென்று கீழே அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் வளைந்து வேறு வழியில் உடையும்.

உடைக்கும் துண்டு 4 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் இந்த வழி சரிப்படாது. கைக்குப் பிடி கிடைக்காது. பாலிகார்பனேட்டுக்கும் சரிப்படாது. அது வளையுமே தவிர உடையாது.

வட்ட ரம்பம்

4 மி.மீ.க்கு மேல் நேர்வெட்டுக்கு வட்ட ரம்பம்தான் சிறந்தது. நம் ஊரில் தச்சர்கள் பலர் 4 அங்குல மார்பிள் கட்டரிலேயே மர பிளேடு மாட்டி எல்லாவற்றையும் அறுத்துவிடுவார்கள். அது நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்றுச் சுற்றும். கணக்குப் போட்டால் பல்லின் நுனி நொடிக்கு 75 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 5,000 சுற்றுச் சுற்றும் 7 அங்குல ரம்பத்தில் அது 50 மீட்டருக்கும் குறைவு. அக்ரிலிக் மார்பிள் கட்டரில் உருகுவதற்கு இதுதான் காரணம். போதாததற்கு, பல் வைத்த பிளேடுக்கு ஏற்ற மூடி அந்த மெஷினில் கிடையாது. பல் சிக்கினால் மெஷின் நம் பக்கம் பாயும். புதிதாகப் பழகுகிறவர் அதைத் தொடவே வேண்டாம் என்பேன். மூடியுள்ள 7 அங்குல ரம்பம் அல்லது மேஜை ரம்பம் நல்லது.

பிளேடில்தான் பாதி வேலை இருக்கிறது. மரத்துக்கான பிளேடில் பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அது பொருளைக் கொக்கிபோல இழுக்கும், அக்ரிலிக்கில் சில்லு தெறிக்கும். அலுமினியம் வெட்டும் கார்பைடு பிளேடு கேட்டு வாங்குங்கள். அதன் பல் நேராகவோ சற்றுப் பின்சாய்ந்தோ நிற்கும். ஒரு பல் மூலை வெட்டியதாகவும் அடுத்த பல் தட்டையாகவும் மாறி மாறி வரும். முதல் பல் நடுவில் வழி போட, அடுத்தது இருபக்கமும் சுத்தம் செய்யும். 7 அங்குலத்துக்கு 60 பல், 10 அங்குலத்துக்கு 80 பல் இருந்தால் நல்ல வெட்டு வரும். இந்த பிளேடை அக்ரிலிக்குக்கு என்றே தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பிளைவுட்டின் பசை பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் அறுக்கும் முறை இது. மேஜைமேல் ஒரு பழைய பிளைவுட்டைப் பரப்பி, அதன்மேல் ஷீட்டைப் படுக்க வையுங்கள். ஷீட் முழுவதும் தாங்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் தொங்கினாலும் வெட்டு முடியும் இடத்தில் மூலை ஒடியும். இந்த ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே வருவதால் சில்லு மேல்பக்கம் தெறிக்கும். ஆகவே பார்வைக்கு வரும் முகம் கீழே. ரம்பத்தின் அடித்தகடு உரசி ஓட ஒரு நேர்க்கட்டையைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். அந்தக் கட்டையே ஷீட்டையும் அதிராமல் அழுத்திப் பிடிக்கும். ஷீட் அதிர்ந்தால் பல்லுக்குப் பல் அடி வாங்கும். பிளேடின் ஆழத்தை ஷீட்டைத் தாண்டி 3 மி.மீ. மட்டும் இறங்கும்படி வையுங்கள். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே ஷீட்டைத் தொட வேண்டும். தொட்ட பிறகு நடுவில் நிற்காதீர்கள். நின்ற இடத்தில் உருகிய தழும்பு ஒன்று கட்டாயம் இருக்கும். கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் தள்ளுவதைச் சற்றே தளர்த்துங்கள்.

மேஜை ரம்பத்தில் எல்லாம் தலைகீழ்: பல் மேலிருந்து கீழே இறங்கும், நல்ல முகம் மேலே. அங்கே இன்னொரு சின்னத் தொல்லை உண்டு. 3 மி.மீ. ஷீட், அதை அணைத்துத் தள்ளும் பக்கச் சட்டத்துக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் நுழைந்துகொள்ளும். மேஜையை ஒட்டி உட்காரும்படி ஒரு நேரான மரக்கட்டையைச் சட்டத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தெறிக்கும் துணுக்கு கண்ணுக்குத் தெரியாத அளவு தெளிவானது, கண்ணில் விழுந்தால் மருத்துவருக்கும் தேடுவது சிரமம். சுற்றும் கருவிக்குப் பக்கத்தில் கையுறை வேண்டாம், அது கையையும் சேர்த்து இழுக்கும். அறுத்த ஓரத்தைத் தூக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

கோட்டிலேயே அறுக்காதீர்கள். ஓரம் முடிக்க 1 மி.மீ. விட்டு வெளியே அறுங்கள். பிளேடு தின்னும் 2, 3 மி.மீ. எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் மார்க்கிங்கிலேயே பெருக்கல் குறி போட்டுக் காட்டிவிடுங்கள்.

வளைவுக்கு ஜிக்ஸா, பிறகு டிரிம்மர்

ஜிக்ஸா என்பது குறுகிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ரம்பம். அதில் வரும் வெட்டு அழகாக இருக்காது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். வேண்டாத பகுதியை எடுத்துப்போட மட்டுமே அது. முன்னும் பின்னும் ஆடும் அசைவை நிறுத்திவிட்டு, வேகத்தைப் பாதிக்குக் கீழே வையுங்கள். பல்லுக்குப் பல் 2 முதல் 3 மி.மீ. இடைவெளியுள்ள, புதிய பிளேடு மாட்டுங்கள். பொடிப்பல் உள்ள இரும்பு பிளேடு நைசாக வெட்டும் என்று தோன்றும், ஆனால் பல்லிடுக்கில் தூள் அடைத்து உருகிவிடும். உள்மூலை வருகிற இடத்தில் முதலில் ஒரு துளை போட்டுவிட்டு அந்தத் துளைவரை அறுங்கள். கூர்மையான உள்மூலை ஒன்று இருந்தால் போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

சுத்தமான வடிவம் வேண்டுமென்றால் டிரிம்மர். மைக்கா ஓரம் தட்டத் தச்சர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். எம்டிஎஃப்பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டிய வடிவத்தை முதலில் செய்து, அதன் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து முடியுங்கள். எம்டிஎஃப்பில் இருக்கும் மேடு பள்ளம் அப்படியே அக்ரிலிக்கில் வரும். அதை ஷீட்டில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, வெளியே 2 மி.மீ. விட்டு ஜிக்ஸாவில் அறுத்துவிட்டு, வடிவத்தின் ஓரத்தில் உருண்டு வழிகாட்டும் பேரிங் உள்ள நேர் பிட்டால் ஓட்டினால் வடிவம் அப்படியே இறங்கும்.

டிரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்று என்று பயமுறுத்தும். ஆனால் 6 மி.மீ. பிட்டின் வெட்டும் நுனி நொடிக்கு 10 மீட்டரைக்கூடத் தொடாது. மார்பிள் கட்டரின் 75 மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆகவே சுற்றைக் குறைப்பதைவிட நிற்காமல் நகர்த்துவதே முக்கியம். உங்கள் பக்கம் இருக்கும் வெளி ஓரத்தை வெட்டும்போது இடமிருந்து வலம் தள்ளுங்கள். எதிர்த்திசையில் போனால் பிட் ஷீட்டில் ஏறி ஓடப் பார்க்கும். ஒரே முறையில் 2 மி.மீ.யும் எடுக்காமல், பேரிங் வடிவத்தைத் தொடாமல் ஒரு சுற்று, தொட்டுக்கொண்டு ஒரு சுற்று என்று போனால் ஓரம் கிட்டத்தட்ட உப்புத்தாள் வேண்டாத அளவுக்கு வரும்.

ஓரம் முடிப்பது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். பளபளப்பு வருவது கடைசிக் கட்டத்தில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ரம்பத் தழும்பை முழுக்க எடுக்கும் முதல் கட்டத்திலேயே அது முடிவாகிவிடும். அங்கே விட்ட கோடு 1000 நம்பர் தாளுக்குப் பிறகும் இருக்கும். பளபளப்பு ஏற ஏற இன்னும் நன்றாகத் தெரியும்.

ஷீட்டை இரண்டு நேரான மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குங்கள். ஓரம் கட்டைகளுக்கு மேலே 1, 2 மி.மீ. மட்டும் நீட்டி நிற்கட்டும். இந்தக் கட்டைகள் இரண்டு வேலை செய்யும்: ஷீட் அதிராது, கையில் இருக்கும் கருவியும் ஒரு பக்கம் சாயாது.

5, 6 மி.மீ. ஷீட்டானால் முதலில் இழைப்புளி. நன்றாகத் தீட்டி, சீவல் காகிதம்போல மெலிதாக வரும்படி அலகை வைத்து, நிற்காமல் ஒரே சீராகத் தள்ளுங்கள். மரத்தில் வருவதுபோலவே சுருள் வரும், தெளிவான ரிப்பன் மாதிரி. முனையில் வெளியே தள்ளும்போது மூலை சில்லு விடாமலிருக்க, இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி இழையுங்கள். அல்லது முனையில் ஒரு துண்டு மரத்தை ஒட்டிவையுங்கள். அலகு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டிவரும். சில்லு தெறிக்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி.

இழைப்புளி இல்லாவிட்டாலும், 3 மி.மீ. ஷீட்டானாலும், சுரண்டும் தகடு போதும். பழைய ஆக்ஸா பிளேடின் முதுகு இதற்கு அருமையான கருவி. முதுகுப் பக்கத்தைச் சாணைக்கல்லில் செங்குத்தாக வைத்துத் தேய்த்து, மூலை இரண்டும் கூர்மையாக, சதுரமாக இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். பல் பக்கத்தில் டேப் சுற்றி, இரு கையாலும் பிடித்து, ஓரத்தின் மேல் செங்குத்தாக வைத்துச் சற்றே நம் பக்கம் சாய்த்து, நீளவாக்கில் இழுக்க வேண்டும். சரியான சாய்வு கிடைத்ததும் சத்தம் மாறும்: கரகரப்பு போய், சீராக ஒரு ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்கும், மெல்லிய இழை இழையாக வரும். கரகரவென்று அதிர்ந்தால் சாய்வை மாற்றுங்கள், விடாமல் அழுத்தினால் அலை அலையாகத் தழும்பு விழும். ரம்பக் கோடு இருந்த வெண்மை மாறி, ஓரம் முழுவதும் ஒரே மாதிரி மங்கலான கண்ணாடிபோல ஆகும்வரை சுரண்டுங்கள்.

ஒட்டப்போகும் ஓரம் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். ஒட்டும் ஓரத்துக்குப் பளபளப்பு தேவையில்லை, தட்டையாகவும் சதுரமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மூலைகள் உருண்டு, ஒட்டில் காற்றுக் குமிழி நிற்கும்.

வெளியே தெரியும் ஓரமா, அடுத்து இரு விளிம்பின் கூர்மையையும் உடைக்க வேண்டும். அதே தகட்டை 45 டிகிரியில் சாய்த்து ஒரே ஒரு இழுப்பு. அரை மி.மீ.க்கும் குறைவான ஒரு சரிவு விழும். விரல் கிழியாது, விரிசலுக்கும் தொடக்கம் கிடைக்காது.

பிறகு வாட்டர் பேப்பர். பெயிண்டர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள். தாளைக் கையில் மடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும்; தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். சுரண்டிய ஓரத்துக்கு 320இல் தொடங்கலாம், ரம்பத் தழும்பு ஆழமாக இருந்தால் 220. பிறகு 400, 600, 1000. தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக்கொண்டால் தாளில் தூள் அடைக்காது, சூடும் ஏறாது. ஈரம் பட்டால் உறைக் காகிதம் ஊறும். ஓரத்தை ஒட்டி மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நம்பர் முடிந்ததா என்று எப்படித் தெரியும்? 320ஐ நீளவாக்கில் தேய்த்தீர்கள் என்றால் 400ஐக் கொஞ்சம் குறுக்காகச் சாய்த்துத் தேயுங்கள். துடைத்து, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் பழைய கோடுகள் எங்கே மிச்சம் இருக்கிறது என்று தனியாகத் தெரியும். அவை முழுக்கப் போன பிறகே அடுத்த நம்பர். ஈரமாக இருக்கும்போது பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் எல்லாக் கீறலையும் மறைத்துப் பளபளப்பாகத்தான் காட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் ஓரத்தைக் கழுவி, தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். முந்தைய தாளின் ஒரே ஒரு மணல் துணுக்கு போதும் வேலையைப் பின்னுக்கு இழுக்க.

1000 முடிந்ததும் ஓரம் பட்டுப்போல, புகைபடிந்த மாதிரி இருக்கும். நிறைய வேலைக்கு இதுவே போதும். எனக்கு அலமாரிக் கதவில் இந்த மங்கல் ஓரம்தான் பிடிக்கும். பளபளப்பான ஓரத்தில் கைரேகை அப்பட்டமாகத் தெரியும். இல்லை, பளபளப்பு வேண்டும் என்றால், கார் பெயிண்டுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் தொட்டு, துணியையும் ஒரு கட்டையில் சுற்றித் தேயுங்கள். டிரில்லில் பஃப் (துணிச் சக்கரம்) மாட்டியும் செய்யலாம்; குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல். பஃப் நின்ற இடத்தில் ஓரம் இளகிக் குழிவிழும்.

நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கை பழகியவர் நீலச் சுடரை ஓரத்தில் ஒரு ஓட்டு ஓட்டினால் நொடியில் கண்ணாடியாகிவிடும், உண்மைதான். ஆனால் ரம்பக் கோடு அதில் மறையாது. பளபளக்கும் ரம்பக் கோடாக மாறும். அதோடு, மேல்தோல் மட்டும் உருகி ஆறுவதால் ஓரத்தில் இறுக்கம் தங்கிவிடும். பிறகு அங்கே ஒட்டும் திரவமோ ஸ்பிரிட்டோ பட்டால் மயிரிழை விரிசல்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். லேசரில் வெட்டிய ஓரத்துக்கும் இதே கதைதான். புதியவர் இந்த வழிக்குப் போக வேண்டாம். பிவிசி ஷீட்டுக்கு நெருப்பு அறவே கூடாது. அது கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்குழாய்க்கு ஆபத்து.

துளையும் திருகும்

சாதாரண டிரில் பிட் அக்ரிலிக்கின் அடிப்பக்கம் வெளிவரும் நேரத்தில் திருகுபோலக் கடித்து மேலே ஏறும். ஷீட் வெடிப்பது அந்த நொடியில்தான். பிட்டின் இரண்டு வெட்டு விளிம்புகளையும் சாணைக்கல்லில் லேசாகத் தொட்டு, கூர்மையான கொக்கியை மழுக்கி நேராக்கிக்கொண்டால் அது கடிக்காது, சுரண்டும். அடியில் ஒரு பிளைவுட்டைச் சேர்த்து இறுக்குங்கள். குறைந்த வேகம், அடிக்கடி தூக்கித் தூளை வெளியேற்றுங்கள், தடித்த ஷீட்டானால் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. ஓரத்திலிருந்து துளையின் நடுவரை குறைந்தது துளை விட்டத்தின் இரண்டு மடங்கு தூரம் விடுங்கள்.

துளை திருகைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். அக்ரிலிக் சூட்டில் விரிவது மரம் நார்வாக்கில் விரிவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். 600 மி.மீ. நீளத் துண்டு, மார்கழி அதிகாலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் இடையில் 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. நீளும். சட்டத்தின் காடிக்குள்ளும் இதே காரணத்துக்காகப் பக்கத்துக்கு 1 மி.மீ. இடம் விடுங்கள். சரிவுத் தலைத் திருகு வேண்டாம், அது துளையை ஆப்புபோலப் பிளக்கும். தட்டைத் தலைத் திருகு, அடியில் ரப்பர் வாஷர், இறுக்கிய பிறகு கால் சுற்றுத் தளர்வு.

ஒட்டுவதும் துடைப்பதும்

அக்ரிலிக் துண்டுகளை ஒட்டக் கடைகளில் குளோரோஃபார்ம் கொடுப்பார்கள். தண்ணீர்போல இருக்கும், சிரிஞ்சில் எடுத்து இடுக்கில் விட்டால் தானாக ஓடிப்போய் இரண்டு துண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். வேலை நன்றாகத்தான் நடக்கும். ஆனால் அந்த ஆவி ஈரலுக்குக் கேடு. மொட்டை மாடியிலோ காற்றோட்டமான முற்றத்திலோ மட்டும், தேவையான சில சொட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். மரச்சட்டத்தோடு சேர்க்க இது உதவாது. அங்கே காடி, திருகு, அல்லது நியூட்ரல் சிலிக்கான் (புளிப்பு வாடை வராத சிலிக்கான் பசை).

எல்லாம் முடிந்த பிறகு உறையை உரியுங்கள். ஒரு மூலையைக் கிளப்பி, அட்டைக் குழாயில் சுருட்டிக்கொண்டே போனால் கிழியாமல் வரும். பழைய பசை ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தின்னர், ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மூன்றும் அக்ரிலிக்குக்கு ஆகாது, முக்கியமாகப் புதிதாக அறுத்த ஓரத்துக்கு.

உரித்த கையோடு தூசி வந்து ஒட்டும். உரிக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அது. உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் அதிகமாகும், கீறலும் விழும். ஈரப் பருத்தித் துணியால், அழுத்தாமல், ஒரே திசையில் துடைத்துவிட்டு நிழலில் காய விடுங்கள். காய்ந்ததும் சட்டத்தில் மாட்டிவிடலாம்.